கணப்புக்கு நாலு கை

கண்ணாடி மறுபடியும் கறுத்திருந்தது.

கையில் சாயத் தூரிகையோடு குன்வோர் அதை வெறித்துப் பார்த்தாள். காலை ஏழு மணிக்குத்தான் ஈரச் செய்தித்தாளில் சாம்பலைத் தொட்டுத் தேய்த்து, கணப்பின் கதவுக் கண்ணாடியைப் பளிச்சென்று ஆக்கியிருந்தாள். இப்போது மணி பத்து இருபது. உள்ளே தீ எரிகிறதா, செத்துப்போய்விட்டதா என்றுகூடத் தெரியவில்லை.

“வந்து கை வெச்சிட்டுப் போயிருக்கான்” என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு.

“யாரு?” நாற்காலியில் இருந்த டோர்டிஸ் கேட்டாள். எழுபத்தொன்பது வயது. முப்பது வருடம் ஊர்த் தபால் நிலையத்தை ஆண்டு ஓய்வு பெற்றவள். ஊன்றுகோல் மடியில், பாதித் தலை அலுமினியத் தாளில்.

“வேற யாரு? எனக்குன்னு வாய்ச்ச ஆர்ன்ஃபின்தான். நான் பின்னாடி போய் சாயம் கலக்கிட்டு வர்றதுக்குள்ள மூணு தடிக்கட்டையைத் திணிச்சு, எல்லாத்தையும் இழுத்து மூடிட்டுப் போயிருக்கான்.”

“ஆமா. பார்த்தேன்.”

“பார்த்துட்டு சும்மாவா இருந்தீங்க?”

“அடுத்தவங்க வீட்டுக் கணப்புல நான் எதுக்குக் கை வைக்கணும்? உன் ஃபிரிட்ஜைக் கேட்காமத் திறப்பேன். இருக்கிற கேக்கைத் தின்னுடுவேன். கணப்பைத் தொடமாட்டேன். அந்த அளவுக்கு மரியாதை தெரிஞ்சவதான் நான்.”

குன்வோரும் யார் வீட்டுக்குப் போனாலும் அப்படித்தான். இந்தப் பள்ளத்தாக்கில் எல்லோரும் அப்படித்தான். ஒரு வீட்டில் ஒரு கணப்பு, கணப்புக்கு ஒரு எஜமான். பிரச்சினை என்னவென்றால், இந்த வீட்டில் இரண்டு எஜமான்கள்.

அந்த அறைதான் குன்வோரின் கடை. பழைய வரவேற்பறையில் இரண்டு நாற்காலி, தலை கழுவ ஒரு தொட்டி, சுவர் நீளத்துக்கு ஒரு நிலைக்கண்ணாடி. வெளியே மைனஸ் இருபத்தொன்பது. வருகிற செவ்வாய்க்கிழமை ரோரோஸ் ஊரில் வருடாந்தரச் சந்தை. குல்லாவைக் கழற்றினால் தலை பார்க்கும்படியாக இருக்க வேண்டும் என்று பள்ளத்தாக்குப் பெண்கள் அத்தனை பேரும் ஒரே சமயத்தில் நினைப்பது இந்த ஒரு வாரத்தில்தான். இன்றிலிருந்து திங்கள்வரை இருபத்துமூன்று பேர் பெயர் கொடுத்திருந்தார்கள். இருபத்துமூன்று ஈரத் தலைகளுக்கும் இந்த இரும்புக் கணப்புதான் கதி. சுவரில் மின்சார ஹீட்டர் ஒன்றும் உண்டு. அது தன் காலடியை மட்டும் சூடாக்கிக்கொள்ளும்.

இன்று மதியம் இரண்டு மணிக்கு யோருன் வருகிறாள். குன்வோர் காலையிலேயே கண்ணாடியைத் தேய்த்தது அதனால்தான்.

யோருன் தீயணைப்பு நிலையத்தின் புகைபோக்கி ஆய்வாளர். மூன்று வாரத்துக்கு முன்னால் கூரைமேல் ஏறி, புகைபோக்கிக்குள் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு இறங்கியவள் முகத்தில் சிரிப்பே இல்லை. உள்சுவர் முழுக்கப் பளபளவென்று தார் பூசினாற்போல இருந்தது. முடிந்த மட்டும் சுரண்டி எடுத்தாள். எடுத்தது ஒரு வாளி. சுரண்ட வராதது அதைவிட அதிகம்.

“மூணு வாரம் டைம் தர்றேன். ஒழுங்கா எரிங்க. திரும்பி வர்றப்போ புதுசா மினுமினுன்னு ஏறியிருந்தா, கணப்புக் கதவுல முத்திரை ஒட்டிட்டுப் போயிடுவேன். புதுக்குழாய் இறக்குற வரைக்கும் ஒரு தீக்குச்சிகூடக் கிழிக்கக் கூடாது” என்று சொல்லியிருந்தாள்.

முத்திரை விழுந்தால் இருபத்துமூன்று தலைகளும் நேராகக் கடைவளாகத்தில் புதிதாகத் திறந்திருக்கும் அழகு நிலையத்துக்குப் போகும். போன தலை திரும்பி வராது. பத்தொன்பது வருடம் கத்தரி பிடித்த குன்வோருக்கு அது நன்றாகத் தெரியும்.

இத்தனைக்கும் கணப்பு புத்தம்புதுசு. ஆறு வாரத்துக்கு முன்னால் அவள்தான் தேர்ந்தெடுத்து வாங்கினாள். அதில் இருப்பது மூன்றே சமாசாரம். கதவுக்குக் கீழே ஒரு காற்றுவாய். பற்றவைக்கும்போது திறந்து, பற்றியதும் மூடிவிட வேண்டும். கதவுக்கு மேலே இன்னொரு காற்றுவாய். வலப்பக்கம் தள்ளினால் திறக்கும், இடப்பக்கம் தள்ளினால் மூடும். அந்த வழியாக இறங்கும் காற்றுதான் கண்ணாடியைக் கழுவிவிடும், புகையையும் சேர்த்து எரிக்கும். விறகில் தீ இருக்கும்வரை அதை மூடவே கூடாது. மூன்றாவது, மேலே போகும் குழாய்க்குள் ஒரு தகடு; நிமிர்த்தினால் புகைவழி திறக்கும், திருப்பிச் சாத்தினால் அடைக்கும். அவ்வளவுதான். குன்வோர் கையேட்டை மூன்று முறை படித்திருந்தாள். ஆர்ன்ஃபின் கையேட்டைப் பற்றவைக்கப் பயன்படுத்தியிருந்தான்.

முப்பத்தொரு வருடம் மர லாரி ஓட்டியவன் அவன். டீசலை மிச்சம் பிடித்த கைக்கு விறகு வேகமாக எரிவதைப் பார்க்கவே பொறுக்காது. கட்டையைப் போடுவான், மூன்றையும் மூடுவான், கட்டை நாள் முழுக்க அழுதுகொண்டு கிடக்கும்.

மேல்வாய்க்குப் பக்கத்தில் அவள் சிவப்பு நகச்சாயத்தால் கோடு போட்டு, ‘இதைத் தாண்டி மூடாதே’ என்று எழுதி வைத்தாள். அவன் கத்தியால் சுரண்டினான். அவள் மறுபடி போட்டாள். அவன் மேல்வாயின் கைப்பிடியையே கழற்றிக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். அதிலிருந்து குன்வோர் முடி சுருட்டும் பழைய இரும்பு இடுக்கியால்தான் அதைத் திறந்துகொண்டிருந்தாள்.

இப்போதும் இடுக்கியை எடுத்தாள். மேல்வாயை வலப்பக்கக் கடைசிவரை தள்ளினாள். காலால் கீழ்வாயைத் திறந்தாள். தகட்டை நிமிர்த்தினாள். செத்துக்கிடந்த கட்டைகள் ஒரு நிமிடம் யோசித்துவிட்டுக் குப்பென்று பிடித்துக்கொண்டன.

வாசல் கதவு திறந்தது. குளிரும் ஆர்ன்ஃபினும் சேர்ந்து உள்ளே வந்தார்கள். கையில் ஓர் அணைப்பு பிர்ச் விறகு, தாடியில் பனி.

“திறந்துட்டியா?”

“திறந்துட்டேன்.”

“எதை?”

“எல்லாத்தையும்.”

“ஏய், அது பிர்ச்! ரெண்டு வருஷம் காயவெச்ச பிர்ச்! காகிதம் மாதிரி எரிக்கிறியே, உனக்கு மனசே இல்லையா?”

“விறகு எரியறதுக்குத்தானே இருக்கு, ஆர்ன்ஃபின்?”

“உனக்கென்ன, சொல்லிடுவே. மரத்தை வெட்டினது நான். பொளந்தது நான். அடுக்கினது நான்.”

“மூணு வேலை செஞ்சவன் நாலாவதா அது எரியறதுக்கும் விடலாம்ல?”

நாற்காலியில் டோர்டிஸ் குலுங்கிச் சிரித்தாள். அலுமினியத் தாள்கள் சலசலத்தன.

ஆர்ன்ஃபினுக்கு ரோஷம் வந்துவிட்டது. “சிரிங்க. ஒரு தடவை போட்டா ஏழு மணி நேரம் நிக்குது. பெட்ரோல் பங்க்ல காபி குடிக்க வர்றவங்களைக் கேட்டுப் பாருங்க, யாரு வீட்டுலயாவது அஞ்சைத் தாண்டுதான்னு.”

“நிக்கல. புகையுது. நிக்கிறதுக்கும் புகையறதுக்கும் வித்தியாசம் தெரியாதா? சூடு இங்க வரல. தார்தான் மேல போகுது. யோருன் சொன்னது காதுல விழலையா?”

“அவ சின்னப் பொண்ணு. புஸ்தகத்துல படிச்சிட்டு வந்து சொல்றா.”

“அவளுக்கு நாப்பத்தாறு வயசு!”

“என்ஜினுக்கு எவ்வளவு காத்து விடணும்னு எனக்குச் சொல்லித் தர வேண்டாம்.”

“இது என்ஜின் இல்ல!” குன்வோரின் குரல் உயர்ந்தது. “முத்திரை ஒட்டிட்டா என்ன ஆகும்னு தெரியுமா? இருபத்துமூணு பேரு! இவங்களுக்கெல்லாம் நான் தலை கழுவி விட்டா, நீ ஊதி ஊதிக் காய வைப்பியா?”

அவன் விறகைப் பெட்டியில் தொப்பென்று போட்டான். இடுக்கியைப் பார்த்தான். மேல்வாயைப் பார்த்தான். பையில் இருந்த கைப்பிடியை விரலால் தடவிக்கொண்டான். டோர்டிஸ் முன்னிலையில் கை வைக்கத் துணிச்சல் வரவில்லை.

“யோருன் ஏணி வைக்க இடம் வேணும். பனியை வாரப் போறேன்” என்று முணுமுணுத்துவிட்டு வெளியே போனான்.

ஜெயித்துவிட்டோம் என்று குன்வோர் நினைத்தாள். அந்தத் திமிரில்தான் அடுத்த தப்பைச் செய்தாள்.

கண்ணாடியில் இன்னும் கறுப்பு இருந்தது. யோருன் வரும்போது அது பளிங்காக இருக்க வேண்டும். தீயைக் கொஞ்சம் தூக்கிவிட்டால் கறுப்பு தானாக எரிந்து போய்விடும். பெட்டியின் அடியில் விரல் பருமனில் பிளந்த ஊசியிலை மரச் சிம்புகள் இருந்தன, எலும்பாகக் காய்ந்தவை. அதில் இரண்டு கை அள்ளிப் போட்டாள். போட்டுக் கதவைச் சாத்தினாள். கீழ்வாயை மட்டும் இரண்டு நிமிடம் திறந்து வைப்போம், பிறகு மூடிவிடலாம் என்று நினைத்துக்கொண்டு டோர்டிஸின் தலைக்குத் திரும்பினாள்.

தாள், சாயம், மடிப்பு. தாள், சாயம், மடிப்பு. டோர்டிஸ் யாருடைய மகன் யாரோடு சந்தைக்குப் போகிறான் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். கேட்கக் கேட்கச் சுவாரசியமாக இருந்தது. கடைசித் தாளை மடித்து, முப்பத்தைந்து நிமிடத்துக்கு மணி வைத்து, கடிகாரத்தை மேலங்கிப் பையில் போட்டாள். கண்ணாடி பளபளத்தது. அறை திகுதிகுவென்று இருந்தது.

இரண்டு நிமிடம் எப்போதோ இருபத்தைந்து ஆகியிருந்தது.

“லாரி ஏதாவது வருதா?” என்றாள் டோர்டிஸ்.

குன்வோர் ஜன்னலைப் பார்த்தாள். சாலை வெறிச்சோடிக் கிடந்தது. ஆனால் சத்தம் இருந்தது. அடிக்குரலில் ஓர் உறுமல். அது சாலையிலிருந்து வரவில்லை.

சுவருக்குள்ளிருந்து வந்தது.

கணப்பின் குழாய் நடுங்கியது. குழாய் சுவருக்குள் நுழையும் இடத்தில் பூச்சு பொடிப்பொடியாக உதிர்ந்தது. உருகும் ரோட்டுத் தாரின் நாற்றம். புகைபோக்கி காற்றை உறிஞ்சிய வேகத்தில் கணப்புக் கதவே உள்ளுக்குள் இழுபட்டுக் கடகடத்தது.

அவளுக்குப் புரிந்துவிட்டது.

“டோர்டிஸ், எழுந்திரிங்க. புகைபோக்கில தீ.”

ஒரே உதையில் கீழ்வாயை மூடினாள். இடுக்கியை எடுத்து மேல்வாயைக் கவ்வினாள். இரும்பு சூட்டில் விரிந்து இறுகியிருந்தது. முழு பலத்தோடு இடப்பக்கம் தள்ளினாள். பாதி நகர்ந்தது.

கதவு படாரென்று திறந்தது. பனி வாரும் மண்வெட்டியோடு ஆர்ன்ஃபின் ஓடிவந்தான். முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது.

“தீ! கூரைக்கு மேல ஒரு ஆள் உயரத்துக்கு எரியுது!”

சொல்லிக்கொண்டே பார்த்தான். மனைவி இடுக்கியோடு மேல்வாய்மேல் குனிந்திருக்கிறாள். ஆறு வாரமாகப் பார்த்துப் பழகிய காட்சி. எந்தப் பக்கம் தள்ளுகிறாள் என்று அவன் பார்க்கவில்லை. அவள் தள்ளினால் அதற்கு எதிர்ப்பக்கம் தள்ள வேண்டும். கைக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். பாய்ந்து அவள் மணிக்கட்டைப் பிடித்து வலப்பக்கமாகத் தள்ளினான்.

மேல்வாய் முழுசாகத் திறந்தது. சுவருக்குள் உறுமல் இரண்டு மடங்கானது.

“விடு! மூடிக்கிட்டிருக்கேன்!”

“பொய் சொல்லாதே! நீயாவது மூடறதாவது!”

“மூடறேன்டா பாவி! கையை எடு!”

இடப்பக்கம் தள்ளினாள். அவன் வலப்பக்கம் இழுத்தான். அவள் இடது. அவன் வலது. முப்பத்துநாலு வருடத் தாம்பத்தியத்தில் அவள் ஒருநாளும் எதையும் மூடச் சொன்னதில்லை. தலைக்கு மேலே வீடு எரியும் நேரத்தில் சொன்னால் அவனால் எப்படி நம்ப முடியும்?

சுளீரென்று இருவர் கையிலும் ஓர் அடி விழுந்தது.

“எடுங்கடா கையை, ரெண்டு பேரும்!”

டோர்டிஸ். தலையெல்லாம் வெள்ளித் தாள் விறைக்க, கழுத்தில் கறுப்புத் துணி தொங்க, ஊன்றுகோலை ஓங்கியபடி நின்றாள். தபால் நிலையத்தில் வரிசை தாண்டி வந்தவர்களை முப்பது வருடம் விரட்டிய குரல். இருவரும் சட்டென்று கையை எடுத்துவிட்டார்கள்.

“எந்தப் பக்கம் மூடணும்?”

“இடது!” என்றாள் குன்வோர்.

“இட… இடதுதான்” என்றான் ஆர்ன்ஃபின்.

டோர்டிஸ் ஊன்றுகோலின் நுனியை மேல்வாயில் முட்டுக்கொடுத்து, உடம்பின் பாரம் முழுவதையும் கொடுத்துத் தள்ளினாள். நுனியில் இருந்த ரப்பர் உருகி ஒழுகியது. மேல்வாய் கிறீச்சிட்டுக்கொண்டே இடப்பக்கக் கடைசிக்குப் போய் நின்றது. அதற்குள் ஆர்ன்ஃபின் கையுறையோடு தகட்டைத் திருப்பிச் சாத்திவிட்டான்.

உறுமல் நிற்கவில்லை. ஆனால் கொஞ்சம் மூச்சுத் திணறியது.

குன்வோர் தீயணைப்புக்கான நூற்றுப்பத்தைச் சுழற்றினாள். மறுமுனையில் இருந்தவன் நிதானமாக ஒவ்வொன்றாகக் கேட்டான். காற்றெல்லாம் மூடியாச்சா? ஆச்சு. வீட்டுல எத்தனை பேர்? மூணு. வெளியே போங்க, தண்ணி மட்டும் ஊத்திடாதீங்க என்றான்.

அவள் திரும்பிப் பார்த்தாள். ஆர்ன்ஃபின் தலைகழுவும் தொட்டியில் வாளியை நிரப்பிக்கொண்டிருந்தான்.

“கீழ வை! சுடுகல்லுல தண்ணி பட்டா புகைபோக்கியே வெடிக்கும்!”

“நான் இதை—”

“கீழ வை, ஆர்ன்ஃபின்! வாழ்க்கையில ஒரே ஒரு தடவை நான் சொல்றதைக் கேளு!”

வைத்தான்.

முற்றத்தில் மூவரும் நின்றார்கள். டோர்டிஸின் தோளில் ஆர்ன்ஃபினின் கோட்டு, அதன்மேல் கம்பளி. புகைபோக்கியின் வாயிலிருந்து ஆரஞ்சு நிறத்தில் ஒரு நாக்கு நீண்டு, பொறிகளைக் கூரைமேல் இருந்த பனியில் துப்பியது. துப்பிய ஒவ்வொன்றும் சுஸ்ஸென்று அணைந்தது. நல்லவேளை, அவன் கூரைப் பனியைத் தள்ளியிருக்கவில்லை.

குன்வோரின் மேலங்கிப் பையில் மணி அடித்தது. முப்பத்தைந்து நிமிடம்.

“என் தலையா?” என்றாள் டோர்டிஸ்.

“ஆமா. இப்ப கழுவணும்.”

“எங்க கழுவுவே?”

குன்வோர் எரியும் வீட்டைப் பார்த்தாள். அழுகை வருவதற்குப் பதிலாகக் கோபம் வந்தது. “எல்லாம் இவனால! ஏழு மணி நேரம், ஏழு மணி நேரம்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டு!”

“என்னாலயா? கட்டையை மூடி வெச்சா அது பாட்டுக்குக் கிடக்கும். யாரு அதைக் கிளப்பிவிட்டது? உள்ள என்ன போட்டே? சொல்லு, என்ன போட்டே?”

“சிம்பு…” என்றாள். சொன்ன பிறகுதான் கீழ்வாய் ஞாபகத்துக்கு வந்தது. அதைச் சொல்லவில்லை.

அழைத்த நாற்பதாவது நிமிடத்தில் தீயணைப்பு வண்டி வந்தது. ஆய்வு இரண்டு மணிக்கு என்று சொல்லியிருந்த யோருன் பதினொன்றே முக்காலுக்கே அதிலிருந்து குதித்தாள். ஹெல்மெட்டுக்குக் கீழே அவள் முகத்தில் ஆச்சரியம் கொஞ்சம்கூட இல்லை. ஆட்கள் கூரைமேல் ஏறி, புகைபோக்கியின் வாய் வழியாகப் பொட்டலம் பொட்டலமாகத் தூள் போட்டார்கள். தீ இருமியது. சுருங்கியது. அரைமணியில் புகையாகிவிட்டது. வீடு பிழைத்தது.

டோர்டிஸின் தலை பிழைக்கவில்லை. சமையலறைத் தொட்டியில் ஒருவழியாகக் கழுவி முடித்துத் துண்டை எடுத்தபோது, தேன் நிறத்தில் வந்திருக்க வேண்டிய கூந்தல் நல்ல பழுத்த ஆரஞ்சில் இருந்தது.

குன்வோர் வாயைப் பொத்திக்கொண்டாள்.

டோர்டிஸ் கண்ணாடியில் இப்படியும் அப்படியும் திரும்பிப் பார்த்தாள். “சந்தைக் கூட்டத்துல தொலைஞ்சு போயிடுவேன்னு என் மருமக பயந்துக்கிட்டிருந்தா. இனிமே பயம் இல்ல” என்றாள். பிறகு, “புது ஊன்றுகோல் நீ வாங்கித் தரணும், ஆர்ன்ஃபின்” என்றாள்.

மேசையில் யோருன் படிவத்தை விரித்தாள். பேனாவை எடுத்தாள்.

“கடைசியா கணப்பைக் கையாண்டது யாரு?”

ஆறு வாரமாக ‘என் கணப்பு, என் கணப்பு’ என்று சண்டை போட்டவர்கள் இருவரும் ஒரே நேரத்தில் விரல் நீட்டினார்கள். அவள் அவனை. அவன் அவளை.

யோருன் பேனாவைக் கீழே வைத்தாள்.

“நான் சொல்லட்டுமா? ஆர்ன்ஃபின், காத்தை மூடி மூடி உள்ள தாரைச் சேர்த்தது நீங்க. குன்வோர், எல்லாத்தையும் ஒரேயடியாத் திறந்து அதுக்குத் தீ வெச்சது நீங்க. ஆர்ன்ஃபின் மட்டும் இருந்த வீடுன்னா இன்னிக்கு முத்திரை ஒட்டிட்டுப் போயிருப்பேன். நீங்க மட்டும் இருந்த வீடுன்னா காபி குடிச்சிட்டுப் போயிருப்பேன். ரெண்டு பேரும் சேர்ந்து இருக்கிறதால வண்டி எடுத்துக்கிட்டு வர வேண்டியதாப் போச்சு.”

‘நீங்க மட்டும் இருந்தா காபி’ என்ற வார்த்தை குன்வோருக்கு அரை நொடி இனித்தது. அதற்குள் யோருன் சிவப்பு முத்திரையை எடுத்துக்கொண்டு வரவேற்பறைக்குப் போய்விட்டாள். உள்சுவர் இரண்டு மீட்டர் நீளத்துக்கு வெடித்திருந்தது. எஃகுக் குழாய் இறக்க வேண்டும். குறைந்தது இரண்டு வாரம்.

“யோருன், இருபத்துரெண்டு பேரு பாக்கி இருக்காங்க” என்றாள் குன்வோர் பின்னாலேயே போய். “சந்தை வாரம். இந்த வாரம் கடை மூடினா, அப்புறம் கடைன்னு ஒண்ணு இருக்காது.”

“தெரியும். என் பேரும் அதுல இருக்கு. சனிக்கிழமை, பத்து மணி.” யோருன் முத்திரையை அழுத்தித் தேய்த்தாள். நிமிர்ந்தாள். “சமையலறையில ஒரு விறகு அடுப்பு இருக்கே, அது எந்தப் புகைவழியில போகுது?”

“தனி வழி. வாரத்துக்கு ஒரு தடவை ரொட்டி சுடறப்போ எரிப்பேன்.”

“நீங்களா, அவரா?”

“நான்தான். ரொட்டிக்குப் பக்கத்துல அவன் வரமாட்டான்.”

யோருன் சமையலறைப் பக்கம் எட்டிப் பார்த்தாள். “நாளைக்குக் காலையில எல்லாம் ஆறினதும் கேமரா விட்டுப் பார்க்கறேன். அந்த வழி சுத்தமா இருந்தா, சமையலறையில கடை போட்டுக்குங்க. ஆனா ஒரு நிபந்தனை. அடுப்புமேல ஒருத்தர் கைதான் இருக்கணும். ஒரே ஒருத்தர். பேரை இங்க எழுதுவேன். இன்னொருத்தர் தொட்டதாத் தெரிஞ்சா அதுக்கும் முத்திரை.”

மறுநாள் வியாழக்கிழமை காலை கேமரா இறங்கியது. சுத்தமாக இருந்தது. யோருன் படிவத்தின் அடியில் பேனாவை வைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

“பேரு?”

குன்வோரின் வாயில் அவள் பெயர் தயாராக இருந்தது. ஆர்ன்ஃபின்கூடத் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு, அதைக் கேட்கத் தயாராகத்தான் நின்றான். அவள் ஜெயித்த நாள் அது. ஊரறிய, எழுத்தில்.

ஆனால் அஞ்சு நாளில் இருபத்துரெண்டு தலை. இரண்டு கையும் காலையிலிருந்து மாலைவரை சாயத்தில். காதில் யாருடைய கதையாவது ஓடிக்கொண்டிருக்கும். இரண்டு நிமிடம் இருபத்தைந்து ஆனது எப்படி என்று அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

“ஆர்ன்ஃபின்னு எழுது” என்றாள்.

“என்னது?” என்றான் ஆர்ன்ஃபின்.

“காது கேக்கலையா? நீதான்.”

“நான் மூடிடுவேனே!”

“மூடினா யோருன் முத்திரை ஒட்டுவா. நான் தொட்டாலும் ஒட்டுவா. நீ தொடலாம், மூடக்கூடாது. நான் தொடவே கூடாது. போதுமா?”

யோருன் எழுதினாள். எழுதிவிட்டு அவன் பக்கம் திரும்பினாள். “தீ எப்பவும் கண்ணுக்குத் தெரியணும். கட்டை முழுசும் கனலாகற வரைக்கும் காத்து திறந்தே இருக்கணும். மூணு மணி நேரத்துக்கு ஒண்ணு இல்ல, அரைமணிக்கு ரெண்டு சின்னக் கட்டை. புரியுதா?”

“புரியுது” என்றான். படிவத்தில் தன் பெயரைத் தலைகீழாகப் படித்துப் பார்த்தான்.

வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணி. சமையலறையில் முப்பத்துநாலு டிகிரி.

ஆர்ன்ஃபின் அடுப்புக்கு நேர் எதிரே முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். காலை ஆறு மணிக்கு உட்கார்ந்தவன். சாப்பாடுகூட அங்கேதான், பழுப்புச் சீஸ் வைத்த ரொட்டி முழங்காலில். கையில் கையுறை, மடியில் கைக்கடிகாரம். அரைமணிக்கு இரண்டு கட்டை என்பதைப் பத்து நிமிடத்துக்கு இரண்டாக அவனே கூட்டிக்கொண்டுவிட்டான். ஒரு கட்டையில் தீ லேசாகச் சாய்ந்தால் போதும், பதறிப்போய் அடுத்ததைப் போட்டான். காற்றுவாய் அத்தனையும் அகலத் திறந்து கிடந்தன.

மூன்று பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். கம்பளிச் சட்டைகளைக் கழற்றிவிட்டு உள்சட்டையோடு, பழைய வாரப் பத்திரிகைகளால் விசிறிக்கொண்டிருந்தார்கள். முடி சுருட்டும் திரவம் பூசப் பூசக் காய்ந்தது. சாயம் கிண்ணத்திலேயே தோல் கட்டியது. குன்வோரின் மூக்கு நுனியிலிருந்து வியர்வை ஒரு தலைமேல் சொட்டியது.

“உன் புருஷன்கிட்ட கொஞ்சம் குறைக்கச் சொல்லேன்” என்று முதல் நாற்காலிக்காரி கெஞ்சினாள். “காத்தை ஒரு விரக்கடை மூடினாப் போதும்.”

குன்வோர் வாயைத் திறந்தாள். அவன் திரும்பிப் பார்த்தான். கண்கள் சிவந்திருந்தன. புருவத்தில் ஒரு பக்கம் பொசுங்கியிருந்தது. அவள் என்ன சொன்னாலும் செய்துவிடுகிற முகம். சொன்னால் ஒரு விரற்கடையோடு நிற்கமாட்டான், மொத்தத்தையும் மூடிவிட்டு ஏழு மணி நேரத்தை ஆரம்பித்துவிடுவான் என்பதும் அதே முகத்தில் தெரிந்தது.

“தீ தெரியுதா?” என்று கேட்டான்.

“தெரியுது, ஆர்ன்ஃபின்” என்றாள். “நல்லாத் தெரியுது.”

நேராக ஜன்னலுக்குப் போனாள். உறைபனி ஒட்டிக்கிடந்த சட்டத்தை இரண்டு குத்துக் குத்தி விரியத் திறந்தாள். மைனஸ் இருபத்தேழு வெள்ளைப் புகையாகத் தரையில் கொட்டியது. மூன்று பெண்களும் ‘அப்பாடா’ என்று ஒரே குரலில் மூச்சு விட்டார்கள். ஆர்ன்ஃபின் அந்தத் திறந்த ஜன்னலைப் பார்த்தான். விறகுப் பெட்டியைப் பார்த்தான். அவன் உதடுகள் துடித்தன. ஆனால் ஜன்னல் அவன் பொறுப்பில் இல்லை.

குன்வோர் கையைத் துடைத்துக்கொண்டு, கத்தரியை எடுத்தாள்.

“யாரு அடுத்தது? வாங்க. கோட்டைக் கழட்டிட்டு வாங்க.”